நான் டிக் போட்ட மொழி

மனிதன் தன்னைப் பற்றிச் சொல்லும் பெரிய பொய்களை வாயால் சொல்வதில்லை. படிவங்களில்தான் சொல்கிறான். வாயால் சொல்லும்போது எதிரே ஒரு முகம் இருக்கும், அது நம்பாவிட்டால் உடனே தெரிந்துவிடும். படிவத்துக்கு முகம் இல்லை. வரிசையாகச் சதுரப் பெட்டிகள் இருக்கும், ஒவ்வொன்றும் “என்னை மட்டும் ஏன் விட்டாய்?” என்பதுபோல் பார்க்கும்.

நான் லண்டனில் தமிழ் மொழிபெயர்ப்பாளன். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கவுன்சில் என்று எங்கெல்லாம் ஒரு தமிழரும் ஓர் ஆங்கிலேயரும் ஒருவரையொருவர் பார்த்துத் திருதிருவென்று விழிக்கிறார்களோ, அங்கெல்லாம் என்னை ஓர் ஏஜென்சி அனுப்பிவைக்கும். சில வருடங்களுக்கு முன் அந்த ஏஜென்சி தன் பதிவேட்டைப் புதிதாக்கியது. “தமிழ் தவிர வேறு எந்த மொழிகளில் பணியாற்ற முடியும்?” என்று ஒரு கேள்வி. கீழே பெட்டிகள்.

மோர்டனில் இருக்கும் தவராசா அண்ணைக்குப் போன் போட்டேன். இந்தத் தொழிலில் எனக்கு முன்னால் இறங்கியவர்.

“தம்பி, ஒரு பெட்டியையும் விடாதை” என்றார் அவர். “டிக் போட்டால்தான் வேலை வரும். வந்தாப் பிறகு பாப்பம்.”

மலையாளத்துக்கு டிக் போட்டேன் (படம் பார்ப்பதுண்டு). சிங்களத்துக்குப் போட்டேன் (சோதனைச் சாவடிகளில் கற்றது, பெரும்பாலும் “ஐடென்டிட்டி கார்ட்” சம்பந்தப்பட்ட வாக்கியங்கள்). அதற்கும் கீழே இருந்தது ‘பிட்ஜின் இங்கிலிஷ்’. பிட்ஜின் என்றால் உடைந்த ஆங்கிலம் என்பது அன்று என் அறிவு. வந்த புதிதில் ஏழு வருடம் பெட்ரோல் ஸ்டேஷனில் நின்று, ஆங்கிலத்தை உடைக்கக்கூடிய எல்லா இடங்களிலும் உடைத்தவன் நான். உடைப்பதில் என்னைவிட அனுபவசாலி யார்? டிக் போட்டேன். மிகவும் அழுத்திப் போட்டதாக ஞாபகம்.

இரண்டு வருடம் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு ஜூன் மாதம் ஈமெயில் வந்தது. “மொழி: பிட்ஜின் இங்கிலிஷ். பள்ளி இட மேல்முறையீடு. தாய் ஒருவர். அடுத்த புதன், காலை பத்து மணி.” நாடு என்ற இடம் காலியாக இருந்தது.

சமையலறையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த என் மனைவி பவானியிடம் பெருமையோடு வாசித்துக் காட்டினேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். (அது நல்ல அறிகுறி அல்ல. கத்தியோடு பேசினால் சாதாரணக் கோபம்.)

“இஞ்சேருங்கோ, உங்களுக்கு விசரே? உந்தப் பாசை உங்களுக்குத் தெரியுமே?”

“உடைஞ்ச இங்கிலிஷ்தானே. ஒரு கிழமை இருக்கு. சமாளிக்கலாம்.”

“ஆற்றையோ பிள்ளையின்ரை பள்ளிக்கூடம் அப்பா இது. ஏலாதெண்டு இப்பவே எழுதிப் போடுங்கோ.”

“கான்சல் பண்ணினால் பிறகு தமிழ் வேலையும் தரமாட்டாங்கள்.”

இது பொய். உண்மையான காரணம், நான் தடித்த ஆங்கில நாவல்களை வாசிப்பவன். நூலகத்தில் எண்ணூறு பக்கப் புத்தகத்தை அட்டை வெளியே தெரியும்படி பிடித்துக்கொண்டு நடப்பவன். எனக்குத் தெரியாத ஆங்கிலம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை.

எங்கள் வீடு பிளேஸ்டோவில். பக்கத்து வீட்டில் சண்டே. ஞாயிற்றுக்கிழமை பிறந்ததால் வைத்த பெயர், நைஜீரியாவில் சாதாரணப் பெயர்தான். வார்ரி என்ற ஊர்க்காரர், பஸ் ஓட்டுபவர். பிட்ஜினுக்கு அந்த ஊர்தான் பல்கலைக்கழகம் என்று அவரே சொன்னார். என் வேண்டுகோளைக் கேட்டதும் இரண்டு வீட்டுக்கும் இடையில் இருந்த குட்டைச் சுவரில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

“முதலில் நலம் விசாரிக்கலாம். ஹவ் யூ டே?” என்றார்.

“ஐ ஆம் வெரி வெல், தாங்க் யூ.”

“நோ, நோ. ஐ டே என்று சொல்ல வேண்டும்.”

“அதற்கு என்ன அர்த்தம்?”

“இருக்கிறேன் என்று அர்த்தம். வேறு என்ன சொல்ல வேண்டும்? இருப்பதே பெரிய விஷயம்.”

நான் வாசித்த நாவல்களில் கதாநாயகன் அறுநூறாவது பக்கத்தில் கண்டடையும் உண்மையை, சண்டேயின் ஊரில் காலையில் தக்காளி வாங்கப் போகிற வழியில் சொல்லிவிடுகிறார்கள்.

அந்த ஒரு வாரம் என் வாழ்க்கையின் இன்பமான வாரங்களில் ஒன்று. ‘வேட்டின்’ என்றால் ‘என்ன’ என்று அர்த்தம். ‘அபெக்’ என்றால் தயவுசெய்து. ‘நோ வஹாலா’ என்றால் பிரச்சினை இல்லை. ‘பிக்கின்’ என்றால் பிள்ளை. ‘சாபி’ என்றால் தெரியும். சண்டேயின் சந்தையில் பத்துக் கடைக்காரிகள் இருந்தால் ஏழு தாய்மொழி இருக்குமாம். “பிட்ஜின் உன்னிடம் நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காது. உனக்கு என்ன வேண்டும் என்றுதான் கேட்கும்” என்றார் அவர். பள்ளிக்கூடத்தில் அதைப் பேசினால் அடி விழுமாம். “டீச்சர் என்னை அடித்ததும், அழுதேன் பார், அந்த அழுகையும் பிட்ஜினில்தான்.”

உடைந்த ஆங்கிலம் என்று நான் நினைத்தது உடைந்தது அல்ல என்று மூன்றாம் நாள் விளங்கியது. அதற்கு இறுக்கமான விதிகள் இருந்தன. அவற்றை நான் பிழைவிட்டபோது சண்டே முகத்தைச் சுளித்தார். இருபது வருடமாக இங்கிலாந்தில் என் ஆங்கிலத்துக்கு எத்தனையோ பேர் முகம் சுளித்திருக்கிறார்கள். பிட்ஜினிலும் எனக்கு அது கிடைத்தது.

நாலாம் நாள் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

“அந்தப் பெண் எந்த நாடு?”

“ஆப்பிரிக்காதான்.”

“கேட்டாயா?”

“வேறு எங்கே இருக்கப் போகிறது?”

சண்டே என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “கேட்டுவிடு, பிரதர். கானாவில் வேறு மாதிரி, கமரூனில் வேறு மாதிரி. எல்லாம் சொந்தக்காரர்தான், ஆனால் ஒரே ஆள் இல்லை.”

கேட்கவில்லை. கேட்டால் ஏஜென்சி “உங்களுக்கு எது தெரியும்?” என்று திருப்பிக் கேட்குமே!

புதன்கிழமை கவுன்சில் கட்டடத்தின் மூன்றாம் மாடி. கழுத்துப்பட்டி கட்டியிருந்தேன். அறைக்கு வெளியே நாற்காலியில் ஒரு பெண் தனியே இருந்தார். நாற்பது வயதிருக்கும். சுருள் முடி, பூப்போட்ட சட்டை, மடியில் வலையாகப் பின்னிய ஒரு பை. அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டிருந்தார். பெயர் மார்த்தா என்று என் தாளில் இருந்தது.

நான் மலர்ந்த முகத்தோடு போய் நின்றேன். “மாடம், ஹவ் யூ டே? அபெக், நோ ஃபியர். ஐ கம் ஹெல்ப் யூ.”

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு மெதுவாக, “யூ டோக் வானெம்?” என்றார்.

எனக்கு விளங்கவில்லை. (நீ என்ன பேசுகிறாய் என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி.) பயத்தில் வாய் குழறுகிறது பாவம் என்று எண்ணி, “நோ வஹாலா, நோ வஹாலா” என்று தேற்றினேன். அவர் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே நீள மேசை. அந்தப் பக்கம் மூன்று பேர்: நடுவில் வெள்ளை முடியைக் குட்டையாக வெட்டிய தலைவி, அவருக்கு வலப்பக்கம் ஒரு முதியவர், இடப்பக்கம் குறிப்பெடுக்கும் ஓர் இளம் பெண். தலைவி விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். மார்த்தாவுக்கு இரண்டு மகள்கள். மூத்தவள் லீனா, வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் உள்ள பள்ளியில் படிக்கிறாள். இளையவள் எஸ்தருக்குப் பதினொரு வயது. அவளுக்கு வலிப்பு வரும். விண்ணப்பம் பிந்தி வந்ததால் அக்காவின் பள்ளியில் இடம் முடிந்துவிட்டது. இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய வேறு பள்ளி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அக்காவின் பள்ளியில் ஒரு நாற்காலியைக் கூட்டிப் போடலாமா, முடியாதா? அதைத்தான் அன்று தீர்மானிக்க வேண்டும்.

ஆற்றையோ பிள்ளையின்ரை பள்ளிக்கூடம் என்று பவானி வெங்காயம் வெட்டும்போது சொன்னது, வெள்ளைக்காரத் தலைவி கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சொன்னபோதுதான் எனக்கு ஏறியது.

“விண்ணப்பம் ஏன் பிந்தியது என்று தாயிடம் கேளுங்கள்” என்றார் தலைவி.

நான் மார்த்தாவின் பக்கம் திரும்பி, சண்டேயின் ஊர் முழுவதும் கைதட்டக்கூடிய ஒரு வாக்கியத்தைச் சொன்னேன். மார்த்தா என்னைப் பார்க்கவேயில்லை. தலைவியைப் பார்த்தே பதில் சொன்னார். நீளமான பதில். தாழ்ந்த குரல். அதில் எனக்குப் பிடிபட்டவை நாலு சொற்கள்: ‘மான்’, ‘வோக்’, ‘சோல்வாரா’, ‘நோ’. ஆண். வேலை. உப்புத் தண்ணீர், அதாவது கடல். இல்லை.

ஒரு நாவல் வாசகனுக்கு இது போதாதா?

இங்கே ஒரு தொழில் விதியைச் சொல்ல வேண்டும். மொழிபெயர்ப்பாளன் “அவர் சொல்கிறார்” என்று சொல்லக்கூடாது. பேசுபவராகவே மாறி “நான்” என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, என் மிகச் சிறந்த ஆங்கிலத்தில் சொன்னேன்:

“என் கணவர் கடலில் வேலை செய்தார். கடல் அவரைத் திருப்பித் தரவில்லை.”

முதியவர் கண்ணாடியைக் கழற்றினார். “உங்கள் இழப்புக்கு மிகவும் வருந்துகிறேன்” என்றார். ‘நான்’ என்று பேசியவன் நானாகையால், என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நானும் ஒரு விதவைக்குரிய அடக்கத்தோடு தலையைக் குனிந்தேன்.

“நோகாட்!”

இல்லவே இல்லை என்று மார்த்தா எழுந்துவிட்டார். பிறகு வந்தது தெளிவான ஆங்கிலம். “என் கணவர் சாகவில்லை. இன்றைக்குக் காலையில் எட்டு மணிக்கு போன் பண்ணினார். வெள்ளிக்கிழமை வருகிறார்.”

தலைவி கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் இரண்டு வழிகள் இருந்தன. முதல் வழி, “அது வட்டார வழக்கு” என்று சொல்லித் தப்புவது. சொல்லியிருப்பேன், நாக்கின் நுனி வரை வந்தது. ஆனால் மார்த்தா அந்தப் பையை மறுபடியும் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு நின்றார். நான் ஒரு தகப்பன். என் மகள் அபியின் பள்ளி இடத்துக்காக இதே மாதிரி ஒரு மேசைக்கு முன்னால் இருந்தவன். அன்று எனக்குப் பக்கத்தில் என்னைப்போல ஒருவன் இருந்திருந்தால் கழுத்துப்பட்டியாலேயே கட்டித் தூக்கியிருப்பேன்.

“மாடம், எனக்கு இவர் பேசும் மொழி தெரியாது” என்றேன்.

“அப்படியானால் இவ்வளவு நேரமும் நீங்கள் பேசியது என்ன மொழி?”

“நைஜீரிய பிட்ஜின்.”

“அது உங்களுக்கு நன்றாகத் தெரியுமா?”

“போன புதன்கிழமையிலிருந்து.”

குறிப்பெடுத்துக்கொண்டிருந்த பெண் பேனாவை வைத்துவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பினார். அவருடைய தோள் குலுங்கியது. தலைவி சிரிக்கவில்லை. மார்த்தாவிடம், “நீங்கள் எந்த நாடு?” என்று மெல்லக் கேட்டார். ஏஜென்சியும் நானும் கவுன்சிலும் கேட்காத கேள்வியை ஒருவர் கடைசியில் கேட்டார்.

“பப்புவா நியூ கினி.”

உலகப்படத்தில் நைஜீரியாவிலிருந்து பூமியின் மறுபக்கம். விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. கவுன்சிலில் யாரோ போனில் “வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்?” என்று கேட்டிருக்கிறார்கள். மார்த்தா தன் மொழியின் பெயரை, “டோக் பிசின்” என்று சொல்லியிருக்கிறார். அங்கே இருந்தவர் தன் பட்டியலில் இருந்த ஒரே ‘பிட்ஜின்’ பெட்டிக்கு டிக் போட்டிருக்கிறார். மார்த்தா மொழிபெயர்ப்பாளரைக் கேட்கவே இல்லை. அங்கே ஒரு டிக், இங்கே ஒரு டிக். இரண்டும் சந்தித்து, நடுவில் உயிரோடு இருந்த ஒரு மனிதரைக் கொன்றுவிட்டன.

“சரியான மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் இதை நடத்துவது உங்களுக்கு நியாயம் அல்ல” என்றார் தலைவி. “ஒத்திவைக்க வேண்டியிருக்கும். அடுத்த தேதி செப்டம்பர் கடைசியில்.”

செப்டம்பர் கடைசி. அதற்குள் பள்ளி தொடங்கி, எஸ்தர் மூன்று வாரம் தனியே இரண்டு பஸ் மாறிப் போயிருப்பாள். என் டிக்கின் விலை அது. நான் எழுந்து, “தவறு முழுக்க என்னுடையது, தயவுசெய்து” என்று தொடங்கினேன். அதோடு நின்றிருக்க வேண்டும். நான் நிற்பவனா? மேல்முறையீடுகளின் தத்துவம் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினேன்.

மார்த்தா என் கோட்டுக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

“யூ சின்டவுன்” என்றார்.

அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. உட்கார்ந்தேன்.

“ஒத்திவைக்க வேண்டாம். நான் பேசுவேன்” என்றார் அவர், தலைவியிடம். மூவரும் தங்களுக்குள் குனிந்து பேசிவிட்டு, சரி என்றார்கள்.

அவர் பேசினார். ஆங்கிலத்தில் தொடங்கி, அது போதாத இடத்தில் தன் மொழிக்குத் தாவி, திரும்பி வந்து. கணவர் வடகடலில் எண்ணெய் மேடையில் வேலை செய்கிறார். படிவங்கள் எல்லாம் அவர் பொறுப்பு. கடிதம் வந்தபோது அவர் கடலில். அவர் வீட்டுக்கு வந்த அன்றே நிரப்பி, காரில் கொண்டுபோய்க் கொடுக்கப் புறப்பட்டார்கள். “கார் இ பகாரப்” என்றார் மார்த்தா. தலைவியின் புருவம் உச்சிக்குப் போனது. அது ஆங்கிலத்தில் ஒரு தடித்த கெட்ட வார்த்தையிலிருந்து வந்த சொல். மார்த்தாவின் ஊரிலோ பழுதாகிவிட்டது என்பதற்குச் சாதாரணமான, மரியாதையான சொல், பாதிரியாரும் சொல்லக்கூடியது. இது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது நான் என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதியவர் கேட்டார். “மற்றப் பள்ளியிலும் முதலுதவி தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். ஏன் அக்காவின் பள்ளிதான் வேண்டும்?”

மார்த்தா பையைத் திறந்தார். மூலை மடிந்த ஒரு பள்ளிக் கொப்பியை எடுத்து மேசையில் வைத்தார். எஸ்தருக்கு வலிப்பு வரும் ஒவ்வொரு முறையும் லீனா அதில் எழுதிவைப்பாளாம். டாக்டருக்காகத் தொடங்கியது. வீட்டு மொழியில் எழுதியிருந்தாள்.

“வாசியுங்கள்” என்றார் தலைவி.

மார்த்தா வாசித்தார். விரலை வரியின் கீழே வைத்து, மெதுவாக.

“எம் இ புன்டவுன் லோங் ரும். மி ஹோலிம் ஹான் பிலோங் எம். மி ஸ்டாப் வான்டைம் எம். எம் இ நோ க்ராய். எம் இ ஓபிம் ஆய். நாவ் எம் இ ஸ்லிப். எம் இ ஓரைட்.”

அடுத்த பக்கம். வேறு நாள், வேறு இடம், குளியலறை. அதே சொற்கள். அடுத்த பக்கம், பஸ் நிறுத்தம். அதே சொற்கள். மி ஸ்டாப் வான்டைம் எம். ஏழாவது பக்கத்தில் மார்த்தா கொப்பியைத் தலைவியின் பக்கம் தள்ளினார்.

தலைவி மிச்சப் பக்கங்களைத் தானே புரட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் கிண்டல் இல்லை.

“மிஸ்டர் நேசன், இதை மொழிபெயர்க்க விரும்புகிறீர்களா?”

“இல்லை மாடம்” என்றேன். “நீங்கள்தான் கேட்டீர்களே.”

அந்த அறையில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. உங்களுக்காக மட்டும் சொல்கிறேன்: அறையில் விழுந்தாள். அவள் கையைப் பிடித்தேன். அவளோடு இருந்தேன். அவள் அழவில்லை. கண் திறந்தாள். இப்போது தூங்குகிறாள். நன்றாக இருக்கிறாள்.

தமிழில் எழுதிப் பார்க்கும்போது கொஞ்சம் குறைந்துதான் போகிறது. இவ்வளவு வருடம் எத்தனையோ சாட்சியங்களை மொழிபெயர்த்திருக்கிறேன். அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லாமல் ஒருவரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எண்ணூறு பக்கப் புத்தகங்களைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவனுக்குப் பதினாலு வயதுப் பெண்ணின் கொப்பியில் ஏழு வாக்கியங்கள் போதுமாயிருந்தன.

முடிவு கடிதத்தில் வரும் என்றார்கள். வெளியே வந்து, மன்னிப்புக் கேட்கச் சொற்கள் தேடிக்கொண்டு நின்றேன். மார்த்தா என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்து அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். “கடல் அவரைத் திருப்பித் தரவில்லை!” என்று என் குரலிலேயே சொல்லிப் பார்த்தார்.

பஸ் நிறுத்தம் வரை சேர்ந்து நடந்தோம். எனக்கு ஆசை அடங்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். ‘ஹவுஸ் சிக்’, நோயின் வீடு. தலைமுடிக்கு? ‘க்ராஸ் பிலோங் ஹெட்’, தலையின் புல். என் வழுக்கைத் தலையைப் பார்த்து, “யூ நோகாட் க்ராஸ்” என்றார், வருத்தத்தோடு. நாம், நாங்கள் என்று தமிழில் இருப்பதுபோல அவர்களிடமும் இரண்டு உண்டு. கேட்பவரையும் சேர்த்தால் ‘யூமி’, சேர்க்காவிட்டால் ‘மிபெலா’. ஆங்கிலத்துக்கு இந்த வசதியே கிடையாது, ஒரே ‘வி’யை வைத்துக்கொண்டு இத்தனை காலம் உலகத்தை ஆண்டிருக்கிறார்கள். பிள்ளைக்கு ‘பிக்கினினி’, தெரியும் என்பதற்கு ‘சாவே’ என்று அவர் சொன்னபோது நடைபாதையில் நின்றுவிட்டேன். சண்டேயின் ‘பிக்கின்’! சண்டேயின் ‘சாபி’! பிறகு நூலகத்தில் தேடிப் படித்தேன். இரண்டும் போர்த்துக்கேய மாலுமிகள் விட்டுப்போனவையாம். எங்களுக்கு அலுமாரியும் மேசையும் கொடுத்த அதே ஆட்கள். எங்களுக்குத் தளபாடத்தைக் கொடுத்துவிட்டு, அவர்களுக்குப் பிள்ளையையும் அறிவையும் கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். பவானி முழுவதையும் கேட்டாள்.

“அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைக்குமோ?” என்றாள்.

“தெரியாது.”

“கிடைக்காட்டில் உங்களோடை நான் கதைக்கமாட்டன்.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அடுத்த ஐந்து நாள் சோறு மேசையில் சத்தத்தோடு வைக்கப்பட்டது. ஆறாம் நாள் மார்த்தாவிடமிருந்து செய்தி. “எஸ்தர் கோ லோங் ஸ்கூல் வான்டைம் லீனா. தேங்க்யூ டுமாஸ்.” அக்காவோடு அதே பள்ளிக்கு! பவானிக்கு அதை வாசித்துக் காட்டினேன். அவளுக்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அன்று இரவு மீன்குழம்பு.

சண்டேயிடம் சுவரடியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. “உனக்கு ஒரு பாடம் விட்டுப்போச்சு, பிரதர்” என்றார். “சிடன் லுக். சும்மா உட்கார்ந்து பார். அதை முதல் நாளே சொல்லித் தந்திருக்க வேண்டும்.”

இரண்டு சமுத்திரங்களுக்கு அப்பால், ஒன்றையொன்று அறியாத இரண்டு மொழிகள் என்னைப் பற்றி ஒரே முடிவுக்கு வந்திருந்தன.

ஆகஸ்டில் மார்த்தா குடும்பத்தோடு வீட்டுக்கு வந்தார். கதவைத் திறந்தபோது வாசலை அடைத்துக்கொண்டு ஆறடி ஆங்கிலேயர் ஒருவர் நின்றார். கையை நீட்டி, “நீங்கள் கொன்ற ஆள் நான்தான்” என்றார்.

அதோடு அபிக்கும் முழுக்கதையும் தெரிந்துவிட்டது. பல்கலைக்கழகத்திலிருந்து லீவுக்கு வந்திருந்தவள். “அப்பா, யூ கில்ட் ஹிம்? லைக், இன் த ஃபர்ஸ்ட் பெர்சன்?” என்று கேட்டுவிட்டுத் தரையில் உருண்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சட்டம் ஒன்று வந்தது. பொயிலர் பழுதானாலும், யாராவது அரசியல் பேசினாலும், வழி தவறினாலும், நான் “எனக்குத் தெரியும்” என்று வாயெடுத்தவுடன் மூன்று பக்கமிருந்தும் வரும். மகள் “யூ சின்டவுன்” என்பாள். சுவருக்கு அப்பாலிருந்து சண்டே “சிடன் லுக்!” என்பார். பவானி மட்டும் தமிழில், “இருங்கோப்பா.”

போன மாதம் ஏஜென்சி மறுபடியும் பதிவேட்டைப் புதிதாக்கியது. அதே கேள்வி, அதே பெட்டிகள். தமிழுக்கு டிக் போட்டேன். பேனா பழக்கத்தில் கீழே நகர்ந்தது. மலையாளத்தைத் தாண்டி, சிங்களத்தைத் தாண்டி, பிட்ஜினுக்கு மேல் கொஞ்ச நேரம் நின்று, தொப்பியைக் கழற்றுவதுபோல் மேலே எழுந்து போய்விட்டது. கடைசியில் ஒரு வெற்றுக் கட்டம் இருந்தது: “வேறு திறமைகள்?”

‘உட்காரத் தெரியும்’ என்று எழுதினேன்.

தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்த பவானி சொன்னாள்: “ஓம், அதுக்கு மட்டும் டிக் போடலாம்.”